பரீட்சை ஹாலுக்கு ஒரு போன்

ஜூலை 10, 2022, ஞாயிறு

எம்.பி.ஏ. முதல் வகுப்பு இன்று. நிறுவன நடத்தை பாடம் எடுக்கும் சேவியர் சார் வந்ததும் வராததுமாக ஒரு வேலை கொடுத்தார். எல்லோரும் ஒரு டைரி வாங்க வேண்டும். அன்றாடம் எடுக்கிற முடிவுகளை, சின்னதோ பெரிதோ, ஏன் எடுத்தோம் என்று எழுதிவர வேண்டும். மார்க் கிடையாது, யாரிடமும் காட்ட வேண்டியதும் இல்லை. அடுத்தவரை நிர்வாகம் செய்யப் போகிறவர் முதலில் தன்னைக் கவனிக்கப் பழக வேண்டுமாம். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். நான் திரும்பும் வழியிலேயே வண்டியை நிறுத்தி இதை வாங்கிவிட்டேன். சொன்னதைச் செய்வது என் பழக்கம்.

முதல் பக்கம் என்பதால் முறையாகவே எழுதுகிறேன். பெயர் பரந்தாமன். ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். இதற்கு மேல் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் எம்.பி.ஏ. கேட்கிறார்கள். பாகலூர் ரோட்டில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன்.

என் மனைவி தமயந்தியும் சேர்ந்திருக்கிறாள். அது என் யோசனைதான். ரோஜாப் பூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பேக்கிங் ஹாலைப் பார்த்துக்கொள்கிறாள். பி.காம். படித்தவள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இரண்டு பேர் ஒரே பாடத்தைப் படித்தால் ஒருவர் குறிப்பெடுத்தால் போதும். முதலில் தயங்கினாள். பாப்பாவை யார் பார்ப்பது என்றாள். பக்கத்து வீட்டு ரத்னம்மா இருக்கிறாரே என்றேன். பாப்பா ஆதிரைக்கு நாலு வயது, ரத்னம்மாவிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள்.

முடிவு: இருவரும் சேர்ந்து படிப்பது. காரணம்: குடும்ப நலன்.

ஜூலை 24, ஞாயிறு

ஒரு ஓட்டலில் வாடிக்கையாளர் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஏன் என்று ஒரு கேஸ் ஸ்டடி கொடுத்தார் சேவியர் சார். நாங்கள் எல்லோரும் விளம்பரம், விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். தமயந்தி கையைத் தூக்கி, அந்த ஓட்டலில் சர்வர்கள் மாதாமாதம் மாறுகிறார்கள் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதே, அவர்கள் ஏன் நிற்பதில்லை என்று யாரும் கேட்கவில்லையே என்றாள். சார் கரும்பலகையில் அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

வரும்போது வண்டியில் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் கம்பெனியில் பொறுப்பில் இருப்பவர்கள், முந்திக்கொண்டு பதில் சொன்னால் அலட்டுகிறாள் என்று நினைப்பார்கள். அவளுடைய நல்லதற்குத்தான். சரி என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. தமயந்தி இரண்டு பேருடைய அசைன்மென்டையும் முடித்துவிட்டாள்.

செப்டம்பர் 18, ஞாயிறு

சார் ஓர் அசைன்மென்டை வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டினார். தமயந்தியுடையது. பேக்கிங் ஹாலில் வேலை செய்யும் பெண்கள் ஏன் டீ இடைவேளையில் கூட நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கக் கால் வராது என்பதுதான் காரணமாம். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயசீலி என்ற பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவள்.

என்னுடையதற்கு ‘சுமார்’ என்று போட்டிருந்தார். இரண்டையும் எழுதியது ஒருத்திதான். என்னுடையதைக் கவனமில்லாமல் எழுதியிருக்கிறாள் என்பது படித்தாலே தெரிகிறது. கேட்டேன். உங்க கம்பெனி ஷாப் ஃப்ளோரைப் பத்தி நான் எப்படிங்க எழுதறது, நான் பாத்ததில்லையே என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசினால் சண்டையாகும்.

பிப்ரவரி 9, 2023, வியாழன்

காதலர் தினத்துக்கு ரோஜா போகிற நாட்கள். தமயந்தி விடியும் முன் போய்விடுகிறாள், இருட்டித்தான் வருகிறாள். கை முழுக்க முள் கீறல். குளிர் அறையில் நின்று நின்று உதடு வெடித்திருக்கிறது. நான் இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பாப்பாவுக்குத் தலைவாரி விடுவதில் இருந்து எல்லாம் நானே செய்கிறேன். வகிடு கோணலாக இருக்கிறது என்று ஸ்கூலில் யாரோ சிரித்தார்களாம்.

போன வாரம் ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி ஸ்டாடிஸ்டிக்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். பேக்கிங் பெண்களில் ஒருத்தி அந்தப் பக்கத்தின்மேல் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

பொறுப்புகளுக்குள் வரும் மோதல் என்று பாடத்தில் ஒரு பகுதி வருகிறது. தாய் என்ற பொறுப்பும் மாணவி என்ற பொறுப்பும் இடித்தால் எதை விடுவது என்பதை அவள்தான் யோசிக்க வேண்டும்.

மார்ச் 6, திங்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட். தமயந்தி எல்லாவற்றிலும் பாஸ், ஸ்டாடிஸ்டிக்ஸில் வகுப்பிலேயே முதல். எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸும் அக்கவுண்ட்ஸும் போய்விட்டன. இரண்டு அரியர். பேப்பர் திருத்துகிறவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனியில் மேனேஜர் கேட்டார். எல்லாம் பாஸ் சார் என்றேன். வாயில் வந்துவிட்டது. உடனே கேன்டீனில் இருந்து மைசூர்பாக் வரவழைத்தார். ஊரில் இருக்கும் அம்மாவிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. மருமகளும் பாஸா என்று கேட்டார். அவளும்தான் என்றேன்.

வீட்டில் தமயந்தியிடம், யாரிடமும் எதுவும் சொல்லிக்கொண்டு திரியாதே என்றேன். அவள் சொல்லவும் இல்லை. காலையில் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லித் தருவதாகச் சொன்னாள். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

தமயந்தியிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தேன். இந்த வருடம் படிப்பை நிறுத்திவை, அடுத்த வருடம் தொடரலாம், பாப்பா உன்னைத் தேடுகிறாள் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீங்களும் நிறுத்தறீங்களா என்று கேட்டாள். என் பிரமோஷன் இதில்தானே இருக்கிறது என்றேன். கடைசித் துணி வரை மடித்துவிட்டுச் சொன்னாள்.

“நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன். இப்ப எனக்கே பிடிச்சிருக்குங்க.”

அவள் எனக்கு எதிராகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மனதில் பட்டதால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பழைய பேப்பர்காரரை வரச்சொல்லி வீட்டைச் சுத்தம் செய்தேன். தமயந்தியின் காஸ்டிங் பாட நோட்டைக் காணோம் என்கிறாள். பேப்பர் கட்டோடு சேர்ந்து போயிருக்கலாம். நான் ஒவ்வொன்றாகவா பார்க்க முடியும்.

அழவில்லை. ஜெயசீலியிடம் நோட்டை வாங்கிவந்து சமையல்மேடையிலேயே வைத்து நின்றபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே பாப்பாவுக்கு தோசை.

ஜூலை 16, ஞாயிறு

இரண்டாம் வருடம். இனி சிறப்புப் பாடம் தனித்தனி. நான் மனிதவளம் எடுத்தேன், மனிதர்களைப் புரிந்துகொள்வது எனக்கு வரும். அவள் ஆபரேஷன்ஸ் எடுத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. குளிர் அறையில் பெட்டி தேங்குவதைக் குறைக்க வழி தேடப் போகிறாளாம். இனி எங்களுக்குப் பரீட்சைகள் வேறு வேறு நாளில் வரும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அது வசதி என்றாள்.

ஜனவரி 17, 2024, புதன்

தமயந்தி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. சேவியர் சார். பெங்களூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி, பயிற்சி மேனேஜர் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்களாம். அரியர் ஒன்றுகூட இல்லாதவர்களை மட்டும் கூப்பிடுகிறார்களாம். அவள் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். என் பெயர் என்று நான் கேட்பதற்குள், உங்களுக்கும் அடுத்த தடவை பார்ப்போம் பரந்தாமன் என்றார்.

அவளிடம் சொன்னேன். ஈரத் தலையோடு நின்றுகொண்டே இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

தினமும் பெங்களூர் போய் வந்தால் வீட்டை யார் பார்ப்பது.

ஜனவரி 20, சனி

இன்று தமயந்திக்கு ஆபரேஷன்ஸ் பேப்பர். ரத்னம்மா ஒரு கல்யாணத்துக்கு மாலூர் போய்விட்டார். நான் லீவு போட்டு பாப்பாவோடு இருந்தேன். அவளுக்கு இரண்டு நாளாகச் சளி. காலையில் பொம்மைகளுக்கு ஊசி போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன், நெற்றி லேசாகச் சுட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. தகப்பன் பயப்படாமல் யார் பயப்படுவது.

பரீட்சை ஹாலில் போனை வெளியே வைத்துவிட வேண்டும். அதனால் காலேஜ் ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டேன். போனை எடுத்த பெண்ணிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, தாயை அனுப்புங்கள் என்றேன். எக்ஸாம் நடுவில் எழுப்ப முடியாது, ரொம்ப அவசரமா சார் என்று கேட்டாள். ஃபிட்ஸ் மாதிரி வருகிறது என்று சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் அனுப்புவார்கள்.

தமயந்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. வாசலில் பாப்பா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பாதி முறுக்கை நீட்டினாள்.

தமயந்தி அவளை உட்கார வைத்து நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஃபிட்ஸ்னு சொன்னாங்க.”

“அப்படி வந்துடுமோன்னு தோணுச்சு. தப்பா?”

அவள் இருந்த ஒரு செருப்பையும் கழற்றி வாசலில் விட்டாள். ஹாலை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பேப்பர் போனதுதான்.

முடிவு: தாயை வரவழைத்தது. காரணம்: குழந்தையின் பாதுகாப்பு.

ஜனவரி 21, ஞாயிறு

பெங்களூர் இல்லை என்றாகிவிட்டது. ஜூனில் அரியராக எழுதிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று ஆறுதல் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

சாயங்காலம் ரத்னம்மா வந்தபோது பாப்பா அவரிடம், நேத்து அம்மா ஒரு செருப்போட வந்துச்சு என்று சிரித்தபடி சொன்னாள். ரத்னம்மா விவரம் கேட்டார். தமயந்தி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 3, சனி

வீட்டில் பேச்சு குறைவு. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுகிறது. குறை சொல்ல முடியாது.

ஜூன் 14, வெள்ளி

பாப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். நாளை தமயந்திக்கு அந்த அரியர் பேப்பர். அதோடு அவள் படிப்பு முடிகிறது. நான் என்னுடையதை எல்லாம் போன வாரமே எழுதி முடித்தேன். நாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பாதி இட்லி சாப்பிட்டாள். தமயந்தி கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

“மறுபடி சுட்டுச்சுன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்காக நிக்காதீங்க.”

ஷிப்ட்டில் என் வார்த்தைக்கு ஒரு லைனே நிற்கிறது. எனக்குச் சொல்லித் தருகிறாள். சரி என்று மட்டும் சொன்னேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பாப்பா வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்று அழுதாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள், போர்வையை எடுத்து ஜன்னலில் கட்டினேன். உடம்பு கொதித்தது. காலேஜ் ஆபீஸுக்குக் கூப்பிட்டேன். அதே பெண்.

“மேடம் சொல்லிட்டுப் போயிருக்காங்க சார். வீட்டுலேருந்து போன் வந்தா எக்ஸாம் முடிஞ்சப்புறம் சொன்னா போதும்னு.”

எனக்கு எப்படி இருக்கும். குழந்தையின் தகப்பன் கூப்பிடுகிறேன். ஓர் ஆபீஸ் பெண்ணிடம் என்னைப் பற்றி அப்படிச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை நிஜம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே கேட்டது. அந்தப் பெண், சொல்றேன் சார் என்று வைத்துவிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. வண்டிச் சாவியை எடுத்தேன், வைத்தேன். அவள் வந்து பார்க்கட்டும். வந்து பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

ரத்னம்மா வந்து பாப்பாவைத் தூக்கப் பார்த்தார். கழுத்து மடங்காமல் விறைத்திருக்கிறது, இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்றார். ஓடிப்போய் ஆட்டோவே பிடித்துக்கொண்டு வந்தார். பாப்பாவின் அம்மா வந்துவிடுவாள், சேர்ந்தே போகிறோம் என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். பாப்பா அப்போது தூங்கிவிட்டாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

தமயந்தி மதியம் நடந்து வந்தாள். கையில் பாப்பாவுக்கு ஒரு சாத்துக்குடிப் பை. உள்ளே வந்தவள் பாப்பாவின் கழுத்தைத் தொட்டாள். பாப்பாவை அள்ளி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பழங்கள் படியில் உருண்டன. வந்த முதல் வண்டியை மறித்து ஏறினாள். அது கோழி ஏற்றிப் போகும் வேன். நான் பைக்கில் பின்னாலேயே போனேன்.

மூளையைச் சுற்றி இருக்கும் சவ்வில் கிருமி தாக்கியிருக்கிறதாம். எப்போது இருந்து கழுத்து இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். இப்பத்தான் சார், மதியத்துக்கு மேல, ரோட்டில் ஒரே கூட்டம் என்றேன். தமயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் முன்னாடி வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

ஐ.சி.யு. உள்ளே ஒருவரைத்தான் விடுகிறார்கள். தமயந்தி இருக்கிறாள்.

ஜூன் 19, புதன்

கண் திறந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். தமயந்தி ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பரீட்சைக்குக் கட்டிக்கொண்டு போன அதே சேலை.

ஜூன் 28, வெள்ளி

வார்டுக்கு மாற்றிய பிறகு பாப்பா என்னோடு சரியாக இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஊசி போடும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டதால் என்மேல் கோபம் என்று நினைத்தேன். அம்மாவிடமும் பேச்சு குறைந்துதான் இருந்தது, அதைக் களைப்பு என்று நினைத்தோம்.

இன்று காலை நர்ஸ் கை தவறி மருந்துத் தட்டைப் போட்டுவிட்டார். வார்டே திடுக்கிட்டுத் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தை வீறிட்டது. பாப்பா தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

தமயந்தி மெல்ல எழுந்து பாப்பாவின் முதுகுப் பக்கம் போனாள். ஆதிரை என்றாள். இன்னும் கிட்டே போய் ஆதிரை என்றாள். பிறகு காதோடு வாய் வைத்துக் கூப்பிட்டாள். மூச்சுக் காற்று பட்டுக் கூச்சத்தில் பாப்பா தோளைக் குலுக்கினாள், அவ்வளவுதான். நர்ஸ் தட்டைப் பொறுக்காமல் அங்கேயே நின்றார்.

மத்தியானம் சோதனை செய்தார்கள். இரண்டு காதும் போய்விட்டன. இந்த நோயில் சிலருக்கு அப்படி ஆகுமாம். உள்காது இறுகிப் போவதற்குள் ஆபரேஷன் செய்து ஒரு கருவி வைக்கலாம், அரசுக் காப்பீட்டில் சென்னையில் செய்கிறார்கள், நாள் கடத்தாதீர்கள் என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று தமயந்தி கேட்டாள். சொல்ல முடியாதும்மா, தப்பியிருக்கலாம் என்றார்.

ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க என்று பாப்பா கேட்டாள். அவள் குரல் மட்டும் ரொம்பச் சத்தமாக இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

தர்மபுரியில் இருந்து அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தாலும் சொல்லாதே என்று ஆபீஸில் சொல்லிவிட்டுப் பரீட்சை எழுதினாள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா தமயந்தியின் முகத்துக்கு நேராகவே, பெத்த பிள்ளையைவிடப் பரீட்சை பெரிசா போச்சா உனக்கு என்றார். அண்ணன் தலை குனிந்துகொண்டான். தமயந்தி எல்லோருக்கும் சோறு போட்டாள்.

ரத்னம்மா மோர் கொடுக்க வந்தவர் இதைக் கேட்டுவிட்டார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஆட்டோ கொண்டாந்து வாசல்ல நிறுத்தினேன். நீதானே போகச் சொன்னே. அதையும் சொல்லு.”

பதற்றத்தில் யாருக்கு எது நினைவிருக்கும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்களை எந்த அளவோடு வைக்க வேண்டுமோ அந்த அளவோடு வைக்க வேண்டும்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு தமயந்தி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

“ஆபீஸ்ல அப்படிச் சொல்லிட்டுப் போனது நான்தான். காய்ச்சக்காரப் புள்ளைய விட்டுட்டுப் போனதும் நான்தான். அதை நான் யார் தலையிலயும் கட்டல. ஆனா நீங்க அன்னைக்குக் காலைல இருந்து என்னையத்தான் கூப்பிட்டுட்டே இருந்தீங்க. டாக்டரை ஒரு தடவைகூடக் கூப்பிடல.”

தாய் கூட இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றேன்.

“சரிங்க” என்று எழுந்து போனாள்.

ஜூலை 21, ஞாயிறு

தமயந்தியும் பாப்பாவும் சென்னை போனார்கள். அவள் முதலாளி விமான நிலையச் சரக்குப் பிரிவில், பூப்பெட்டிகள் மாற்றி ஏற்றும் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜெயசீலியின் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. ஆபரேஷன் முடிந்து, கருவிக்குப் பழக்கும் பயிற்சிக்கு ஒரு வருடமாவது போக வேண்டுமாம். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது பாப்பாவுக்குக் கையசைத்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்ததும் ஆதிரை என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள்தான் திரும்பினார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தமயந்தி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். தலையில் கட்டோடு ஒரு போட்டோ. நான் போகவில்லை. கம்பெனியில் ஆடிட்.

செப்டம்பர் 12, வியாழன்

ரிசல்ட். எனக்கு அரியர் எல்லாம் பாஸ். தமயந்தி முதல் வகுப்பு, அந்த ஆபரேஷன்ஸ் பேப்பரில் நூற்றுக்கு எண்பத்தெட்டு. மேனேஜர் கை குலுக்கினார். அடுத்த மாதம் முதல் அசிஸ்டென்ட் மேனேஜர். வீட்டுக்காரம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். சென்னையில் நல்ல வேலை சார் என்றேன். கெட்டிக்கார ஜோடி என்று எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ரத்னம்மா வீட்டு டி.வி. சத்தம் கேட்டது. அவர் என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சென்னை போய்வந்தேன். முதல் தடவை.

மாடிப்படி ஏறும்போதே பாப்பாவின் குரல் கேட்டது. ஏதோ வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை, மலை, மழை, மலை. தமயந்தி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்ல, இவள் கேட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சியாம். என்னைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள். பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். வளர்ந்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர் போய், வட்டமாக ஒரு வில்லை தலையில் காந்தம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்து முடி இப்போதுதான் வளர்கிறது.

தமயந்தி தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். ஆனால் நடையில் ஒரு வேகம் இருந்தது, கல்யாணமான புதிதில் பார்த்தது. வேலை எப்படி என்று கேட்டேன். நன்றாகப் போகிறது என்றாள். என் பிரமோஷனைச் சொன்னேன். சந்தோஷம் என்றாள், நிஜமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, எங்கே என்று கேட்டாள். கேலியாக இல்லை. எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

“பாப்பாகிட்டப் பேசறதுன்னா முன்னாடி உக்காந்து மெதுவாப் பேசுங்க. ரொம்ப நேரம் கேட்டா அவளுக்குத் தலை வலிக்கும், கழட்டிடுவா. கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். எங்களைத் தனியாக விடத்தான் போனாள்.

நான் பாப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்பா இப்ப பெரிய ஆபீசர் என்றேன். தலையாட்டினாள். தனி அறை, தனி மேஜை, ஏ.சி. என்றேன். நன்றாகப் படித்தால் நீயும் அப்படி ஆகலாம் என்றேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தலைக்குக் கொண்டுபோய், அந்த வில்லையைப் பிடுங்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. காலையில் இருந்து பயிற்சி, களைத்துப் போயிருந்தாள்.

இப்போது நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. மாடியில் தமயந்தி துணி உதறும் சத்தம் கேட்டது. அப்போதுதான் சொன்னேன். ஓசூரில் இருந்து பஸ்ஸில் வரும்போது யோசித்தது அல்ல, அதற்கு முன்பே பல நாளாக வாய்க்குள் இருந்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. நிறைய நேரம் ஆகவில்லை. அந்த ஜூன் காலையைப் பற்றி நாலைந்து வாக்கியம்தான்.

பாப்பா என் உதட்டை உற்றுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. மடியில் இருந்த வில்லையை எடுத்துத் தலையில் தடவி, சரியான இடத்தில் ஒட்டவைத்துக்கொண்டாள். அது ஒட்டிக்கொண்டதா என்று விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்குக் கிட்டே வந்தாள்.

“இப்ப சொல்லுப்பா. என்ன சொன்ன?”

படியில் தமயந்தி இறங்கிவரும் சத்தம் கேட்டது.

“ஒண்ணுமில்லடா. ஸ்கூல் எப்படி இருக்கு?” என்றேன்.